அலாய் வீலுக்குப் புது நிறம்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வீல் பெயிண்டிங் பற்றித்தான். வெளியில் வாங்கிப் போட்ட அலாய் வீலைத் தன் விருப்பத்துக்கு ஒரு நிறத்தில் மாற்ற வேண்டும், அதுதான் எல்லோருக்கும். அதனால் பிரேக், ஏசி, மைலேஜ் கேள்விகளை எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இவற்றை மட்டும் ஒரே மூச்சில் முடித்துவிடலாம்.

கேள்வி: வெள்ளை ஸ்விஃப்ட் வைத்திருக்கிறேன். பழைய 15 இன்ச் அலாய் செட் ஒன்று வாங்கினேன், சில்வர் நிறம், ஓரமெல்லாம் பிளாட்பாரத்தில் உரசியிருக்கிறது. வெண்கல நிறத்துக்கு மாற்ற ஆசை. பவுடர் கோட்டிங் கொடுக்கலாமா, பெயிண்ட் அடிக்கலாமா? – வாசகர், கோவை

வெள்ளை வண்டிக்கு வெண்கல வீல் நல்ல தேர்வு. 1996-ல் ஜப்பானின் ரேஸ் நிறுவனம் டி.ஈ.37 வீலை வெண்கல நிறத்தில் இறக்கியதிலிருந்து உலகம் முழுக்க இந்த ஜோடிக்கு ரசிகர்கள் இருக்கிறார்கள். சில்வர் வண்டியில் இதே நிறம் களிம்பு ஏறினமாதிரி தெரியும், உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

பவுடர் கோட்டிங் என்பது மின்னேற்றம் கொடுத்த தூளை வீலில் ஒட்டவைத்து, 180 முதல் 200 டிகிரி சூட்டில் பத்து இருபது நிமிடம் அடுப்பில் வைத்து உருக்கிப் படியவைப்பது. கல் பட்டாலும் சுலபமாகப் பெயராது, குண்டும் குழியுமான ரோட்டில் தினமும் ஓடும் வண்டிக்கு அருமையாகத் தாங்கும். ஆனால் கடைக்காரர் கையில் இருக்கும் ஷேட் கார்டில் உள்ள நிறம்தான் கிடைக்கும். "இன்னும் கொஞ்சம் சிவப்புத் தட்டணும் அண்ணே" என்றால் தூளில் அங்கேயே கலந்து தர முடியாது. பின்னால் ஓர் இடத்தில் பெயர்ந்தால் அங்கே மட்டும் டச்சப் செய்வதும் சிரமம்.

இன்னொரு விஷயம், சூடு. அலாய் வீல் அலுமினியமும் சிலிக்கானும் கலந்த வார்ப்பு. வார்த்தபின் கொதிக்கக் கொதிக்கச் சூடேற்றி, சட்டென்று குளிரவைத்து, அப்புறம் 150 டிகிரியைச் சுற்றியுள்ள சூட்டில் சில மணி நேரம் வைத்துத்தான் அதற்கு வலுவே ஏற்றுகிறார்கள். அளவான சூட்டில் ஒரு முறை பவுடர் கோட்டிங் செய்தால் ஒன்றும் ஆகாது. 'நிறம் பிடிக்கவில்லை, மறுபடி அடி, மறுபடி அடுப்பில் வை' என்று திரும்பத் திரும்பப் போனாலோ, சூட்டைக் கண்மதிப்பில் வைக்கும் கடையில் கொடுத்தாலோ அந்த வலு குறையும். அடுப்பில் வெப்பமானி இருக்கிறதா என்று எட்டிப் பாருங்கள், இல்லையென்றால் வேறு கடை பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்பது தனி நிறம் என்பதால் என் ஓட்டு டூ-கே பெயிண்டுக்கு, அதாவது ஹார்டனர் கலந்து அடிப்பதற்கு. கார் பெயிண்ட் கலந்து தரும் கடையில் எந்த வெண்கலம் வேண்டுமோ அதைக் கலந்து வாங்கலாம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: மெட்டாலிக் பெயிண்டில் இருக்கும் அலுமினியத் துகள் எப்படிப் படுகிறதோ அதைப் பொறுத்து நிறம் மாறும். ஈரமாக அடித்தால் ஒரு ஷேட், தள்ளி நின்று உலர்வாக அடித்தால் இன்னொரு ஷேட். ஒரே டப்பா பெயிண்டை இரண்டு பேர் அடித்தால் இரண்டு நிறம். அதனால் நான்கு வீலையும் ஒரே நாளில், ஒரே கலவையில், ஒரே ஆள் அடிக்க வேண்டும். ஸ்டெப்னியும் அதே டிசைன் என்றால் அதையும் சேர்த்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்து அதை மட்டும் தனியாக அடித்தால் சேரவே சேராது. முதலில் உபயோகமில்லாத வீல் கப் ஒன்றில் அடித்து, வண்டிக்குப் பக்கத்தில் வைத்து, உச்சி வெயிலில் ஒரு தடவையும் நிழலில் ஒரு தடவையும் பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள். கடை டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்து ஓகே சொல்லாதீர்கள்.

கேள்வி: வீட்டிலேயே செய்து பார்க்க நினைக்கிறேன். டயரைக் கழற்றாமல், பேப்பர் சுற்றி மறைத்து அடித்தால் போதும் என்கிறான் நண்பன். படிப்படியாகச் சொல்ல முடியுமா? – வாசகர், தாம்பரம்

நண்பரிடம் 'நன்றி' சொல்லிவிட்டு டயர் கடைக்குப் போங்கள். டயரோடு அடித்தால் ரப்பரும் ரிம்மும் சேரும் விளிம்பில் பெயிண்ட் ஒரு விளிம்புகட்டி நிற்கும், முதல் பஞ்சரில் டயரைக் கழற்றும்போது அந்த இடத்திலிருந்து தகடு தகடாக உரிய ஆரம்பிக்கும். கழற்றும்போதே எந்த டயர் எந்தப் பக்கம் என்று சாக்பீஸால் எழுதி வையுங்கள். டயர் பக்கவாட்டில் டி.ஓ.டி. எழுத்துகளுக்குப் பின்னால் முடியும் நான்கு இலக்க எண்ணையும் பாருங்கள், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2318 என்றால் 2018-ன் 23-வது வாரம். அவ்வளவு பழைய டயரைப் புது நிறத்து வீலில் திரும்ப மாட்டாதீர்கள்.

அடுத்து, கழுவுவது. எல்லோரும் அவசரப்படுகிற இடம் இதுதான், பெயிண்ட் உரிவதற்கான காரணத்தில் பெரும்பங்கும் இங்கேதான். சோப்புத் தண்ணீர், பிரஷ், ஸ்போக்கின் முதுகுப்பக்கம் வரைக்கும். பிறகு இரும்புத்துகள் எடுக்கும் ஸ்ப்ரே கிடைத்தால் அடியுங்கள், பிரேக் தூள் பதிந்த இடமெல்லாம் கத்தரிப்பூ நிறத்தில் கரைந்து வழியும், வீல் சுத்தம் என்று நாம் நினைத்தது எவ்வளவு அசுத்தம் என்பது அப்போதுதான் தெரியும். தார்ப் புள்ளிகளுக்கு மண்ணெண்ணெய். கடைசியாகப் பெயிண்ட் கடையில் கிடைக்கும் கிரீஸ் ரிமூவரால் சுத்தமான துணியில் துடைக்க வேண்டும். டயர் பளபளக்கப் போடும் பாலிஷில் சிலிக்கோன் என்ற எண்ணெய்ப் பொருள் இருக்கும், அது ரிம்மில் துளி இருந்தாலும் பெயிண்ட் அந்த இடத்தில் ஒட்டாமல் வட்டம் வட்டமாக விலகி நிற்கும். தேய்த்துவிட்டுத் துடைக்காதீர்கள். முதலில் துடையுங்கள், பிறகு தேயுங்கள், மறுபடி துடையுங்கள். இல்லாவிட்டால் அந்த சிலிக்கோனை எமரியே உள்ளே தள்ளிவிடும்.

உரசல் இருக்கும் ஓரத்தை முதலில் அரத்தால் பிசிறு எடுத்து, 80-ல் தொடங்கி 120, 180 என்று எமரி ஷீட்டில் சொரசொரப்பைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். விரல் நுனியால் தடவினால் பழைய பெயிண்டுக்கும் வெறும் உலோகத்துக்கும் நடுவே படி தட்டக்கூடாது. மேலோட்டமான குழிக்கு மட்டும் பட்டி பார்க்கலாம். டயர் உட்காரும் விளிம்புக்குப் பட்டி ஆகாது. மற்ற இடம் முழுக்க 320-லோ 400-லோ பளபளப்பு போகும்வரை தேய்க்க வேண்டும். ஸ்போக்கும் ஸ்போக்கும் சேரும் மூலைகளுக்கு நார் ஸ்க்ரப்பர் வசதி.

அலுமினியம் வெளியே தெரியும் இடத்தில் சாதா பிரைமர் நிற்காது. எபாக்சி பிரைமரோ, அலுமினியத்துக்கான எட்ச் பிரைமரோ வேண்டும். தேய்த்த உலோகத்தின்மேல் காற்றுப்பட்ட உடனேயே ஆக்சைடு படலம் உருவாக ஆரம்பிக்கும் என்பதால், தேய்த்ததை நாளைக்கு அடிக்கலாம் என்று மூடி வைக்காதீர்கள், அன்றைக்கே பிரைமர் ஏற வேண்டும். பிரைமர் நன்றாகக் காய்ந்தபின் 600 வாட்டர் பேப்பரில் ஈரத்தோடு லேசாகத் தேய்த்து, அதன்மேல் நிறம் இரண்டு மூன்று மெல்லிய கோட். ஒரே கோட்டில் மூடப் பார்த்தால் வழியும். வரிசை முக்கியம்: முதலில் உள்பக்க உருளை, அப்புறம் ஸ்போக்குகளின் பக்கவாட்டு, கடைசியாகத்தான் முகம். முகத்தை முதலில் அடித்துவிட்டால் பக்கவாட்டுக்கு அடிக்கும்போது எழும் தூசு அதன்மேல் படிந்து சொரசொரப்பாகிவிடும். சுழலும் ஸ்டூல் இருந்தால் வீலைப் படுக்கவைத்துச் சுற்றிச் சுற்றி அடிக்கலாம். கடைசியில் கிளியர் கோட், அதாவது நிறமில்லாத மேல்பூச்சு, இரண்டு. பளபளப்பில்லாத மேட் நிறம் வேண்டுமென்றால் மேட் கிளியர் என்றே தனியாக இருக்கிறது. கிளியரே இல்லாமல் விட்டால் மேட் ஆகிவிடும் என்பது தப்பு, அது சீக்கிரம் அழுக்கைக் குடித்துக்கொள்ளும்.

ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் உண்டு, மூச்சுக்குழாயை நிரந்தரமாகக் கெடுக்கக்கூடியது, ஆஸ்துமாவை வரவழைக்கக்கூடியது. கர்ச்சீப்பைக் கட்டிக்கொண்டு ஷெட்டில் நின்று அடிக்கும் பெயிண்டர்களைப் பார்த்துப் பழகிவிட்டோம், அதற்காக அது சரியாகிவிடாது. தகுந்த மாஸ்க்கும் காற்றோட்டமும் இல்லையென்றால் நிறத்தையும் கிளியர் கோட்டையும் பெயிண்ட் பூத் வைத்திருக்கும் கடையில் கொடுத்துவிடுங்கள். தேய்த்து பிரைமர் வரைக்கும் நீங்கள், மேலே அவர்கள். செலவும் குறையும், வேலையும் சுத்தமாக வரும்.

கேள்வி: வீல் பெயிண்ட் அடித்து வாங்கி ஒரு வாரம்தான் ஆகிறது. 'டக் டக்' என்று சத்தம். பார்த்தால் ஒரு வீலில் நட்டெல்லாம் லூஸ். மாட்டும்போது நன்றாகத்தான் முடுக்கினார்கள். பெயிண்டுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா சார்? – வாசகர், மதுரை

நிறையவே உண்டு. இன்றே வண்டியை நிறுத்துங்கள், படித்துவிட்டு ஓட்டாதீர்கள்.

வீலைத் திருப்பிப் பாருங்கள். வண்டியில் வீலைத் தாங்கும் ஹப்பில் தட்டையாக ஒட்டி உட்காரும் முகமும், முன்பக்கம் நட்டு உட்காரும் கூம்பு வடிவக் குழிகளும் வெறும் உலோகமாக இருக்க வேண்டும். உங்கள் வீலில் இரண்டு இடத்திலும் பிரைமர், நிறம், கிளியர் எல்லாம் தடியாக ஏறியிருக்கும் என்று நினைக்கிறேன். நட்டை முடுக்கும்போது இறுக்கமாகத்தான் இருக்கும். வண்டி ஓடி, பிரேக் சூடு ஏறி, அந்தப் பெயிண்ட் நசுங்கி ஒதுங்கினதும் அதன் கனம் அளவுக்கு இடைவெளி விழும், போல்ட்டின் இழுவிசை போய்விடும். பவுடர் கோட்டிங்கில் பூச்சு தடிமன் என்பதால் இந்தத் தொந்தரவு இன்னும் அதிகம்.

என்ன செய்வது: இந்த இரண்டு இடத்திலும் பெயிண்டை முழுக்கச் சுரண்டி எடுங்கள். கூம்புக் குழியை ஓவலாக்கிவிடாமல் கையால்தான் செய்ய வேண்டும், கிரைண்டர் வேண்டாம். லூஸாக ஓடியிருப்பதால் குழிகள் தின்று போயிருக்கிறதா, நட்டு ஏறும் போல்ட்டான ஸ்டட்டின் மரை கெட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். கெட்டிருந்தால் ஸ்டட்டை மாற்றுங்கள். குழி நீள்வட்டமாகியிருந்தால் அந்த வீலுக்கு விடை கொடுங்கள். பிறகு கையேட்டில் உள்ள அளவுக்கு, முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால், எதிரெதிர் நட்டாக மாற்றி மாற்றி முடுக்கி, ஐம்பது முதல் நூறு கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு முறை சரிபாருங்கள். வீல் கழற்றி மாட்டிய யாரும் செய்ய வேண்டியது இது, பெயிண்ட் அடித்தாலும் அடிக்காவிட்டாலும்.

மற்றவர்களுக்கு: பெயிண்ட் கொடுக்கும் முன்பே அந்த இரண்டு இடத்தையும் மாஸ்கிங் டேப் போட்டு ஒட்டியே கொடுங்கள். வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள். ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே பிளாஸ்டிக் வளையம் இருந்தால் அதையும், டயர் பிரஷர் சென்சார் இருந்தால் அதையும் கழற்றி எடுத்துவிட வேண்டும், அடுப்புக்குள் போனால் இரண்டும் காலி.

கேள்வி: பழைய பெயிண்டை எடுக்க வீலை காஸ்டிக் சோடா தொட்டியில் முக்கி எடுக்கிறேன் என்கிறார் கடைக்காரர். கொடுக்கலாமா? – வாசகர், சேலம்

கூடவே கூடாது. இரும்பு ரிம்முக்கு அது சரி. அலுமினியத்தைக் காஸ்டிக் சோடா அரித்துத் தின்னும், ஹைட்ரஜன் வாயு குமிழியாகப் பொங்கும், வீல் கறுத்து வெளியே வரும். அலுமினியத்துக்குச் சேரும் பெயிண்ட் ரிமூவர் தனியாக இருக்கிறது, அதைப் பூசிச் சுரண்டச் சொல்லுங்கள். சாண்ட் பிளாஸ்டிங் என்றால் கண்ணாடி மணி மாதிரி மென்மையான பொருளில், குறைந்த அழுத்தத்தில். பெருமணலை அடித்தால் வீல் முகமெல்லாம் அம்மி கொத்தினதுபோல ஆகிவிடும், அதை மறைக்கவே பிரைமர் டப்பா டப்பாவாகப் போகும்.

கேள்வி: டைமண்ட் கட் வீல். மேலே உள்ள கிளியருக்கு அடியில் வெள்ளை வெள்ளையாகப் புழு ஊர்ந்த மாதிரி கோடுகள். மேலே இன்னொரு கிளியர் அடித்தால் மறைந்துவிடுமா? – வாசகர், தூத்துக்குடி

மறையாது, உள்ளே இன்னும் நிம்மதியாக வளரும். கிளியரில் எங்கோ ஓர் ஓரத்தில் கீறல் விழுந்து, உப்பு ஈரம் உள்ளே போய், பூச்சுக்கு அடியிலேயே அலுமினியம் அரித்துக்கொண்டு நூல் பிடித்தமாதிரி முன்னேறுகிறது. கடலோர ஊர்களில் இது சகஜம். டைமண்ட் கட் என்பது முகத்தை லேத்தில் கடைந்து, வெறும் உலோகத்தின்மேல் கிளியரை மட்டும் அடிப்பது. நடுவில் பிரைமர் இல்லாததால் தாங்கும் சக்தியும் குறைவு. மறுபடி கடையலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் உலோகம் குறைகிறது, எத்தனை முறை வேண்டுமானாலும் என்பது நடக்காது. என்னைக் கேட்டால், உங்கள் ஊருக்கு அந்தப் பளபளப்பே வேண்டாம். கிளியரை முழுக்க எடுத்து, கோடுகளை அடிவரைக்கும் தேய்த்து, எபாக்சி பிரைமர் போட்டு முழு வீலையும் ஒரே நிறமாக அடித்துவிடுங்கள். கன்மெட்டல் சாம்பல் என்றால் பிரேக் தூளும் தெரியாது.

கேள்வி: என் மகன் நவம்பர் மாதம் மொட்டை மாடியில் வீலுக்குக் கறுப்பு அடித்தான். காய்ந்ததும் பால் ஊற்றியதுபோல வெளுத்துவிட்டது. பெயிண்ட் போலியா? – வாசகி, தஞ்சாவூர்

பெயிண்டைத் திட்டாதீர்கள் அம்மா, மழைக்காலத்தைத் திட்டுங்கள். தின்னர் வேகமாக ஆவியாகும்போது அந்த இடம் குளிர்ந்துபோகும், காற்றில் இருக்கும் ஈரம் அதன்மேல் படிந்து பெயிண்டுக்குள் மாட்டிக்கொள்ளும். அந்த வெள்ளைதான் அது. லேசாக இருந்தால், வெயிலடிக்கும் நாளில் மெதுவாகக் காயும் ரிடார்டர் தின்னரை மெல்லிசாக ஒரு முறை தூவினாலே சில சமயம் தெளிந்துவிடும். இல்லையென்றால் தேய்த்துவிட்டு மறுபடி அடிக்க வேண்டியதுதான். மே மாதம் இதற்கு நேர் எதிர்: பெயிண்ட் வீலைத் தொடுவதற்குள் காற்றிலேயே காய்ந்து தூளாக விழும், தடவினால் எமரி மாதிரி இருக்கும். அப்போது மெதுவாகக் காயும் தின்னர், அதிகாலை நேரம். பொங்கல் முடிந்து மார்ச் வரைக்கும் உள்ள நாட்கள்தான் நம் பக்கம் இந்த வேலைக்குத் தோது.

கேள்வி: ஸ்போக் அடியில் மெல்லிய கோடு ஒன்று தெரிகிறது. விரிசலா, வெறும் கீறலா? விரிசல் என்றால் வெல்டிங் வைத்துப் பெயிண்ட் அடித்துவிடலாமா? – வாசகர், ஈரோடு

பழைய மெக்கானிக்குகள் செய்யும் சோதனை ஒன்று உண்டு. அந்த இடத்தை நன்றாகச் சுத்தம் செய்து, மண்ணெண்ணெய் தடவிச் சற்று நேரம் விட்டு, துணியால் காயத் துடைத்துவிட்டு சாக்பீஸ் தூளைத் தூவுங்கள். விரிசல் என்றால் உள்ளே போன எண்ணெய் மெல்ல வெளியே கசிந்து தூளில் கறுப்பாக ஒரு கோடு எழும். கீறல் என்றால் தூள் அப்படியே வெள்ளையாக இருக்கும். பெரிய பட்டறைகளில் இதையே சிவப்புச் சாயமும் வெள்ளை டெவலப்பரும் வைத்துச் செய்கிறார்கள், அது இன்னும் நம்பகம். கோடு எழவில்லை என்பதற்காக ஸ்போக்கில் சந்தேகத்தை விட்டுவிடாதீர்கள், சாயச் சோதனைக்கும் கொடுத்துப் பாருங்கள்.

விரிசல்தான் என்றால் வெல்டிங் வேண்டாம். வெல்டிங் சூடு பட்ட இடத்தைச் சுற்றி, முதல் பதிலில் சொன்ன அந்த வலு போய்விடும், அடுத்த விரிசல் வெல்டிங்குக்குப் பக்கத்திலேயே வரும். பெயிண்ட் அடித்தால் அது வருவது கண்ணுக்கும் தெரியாது. பழைய இரும்புக் கடையில் அலுமினிய விலைக்குப் போட்டுவிட்டு இன்னொன்று வாங்குங்கள். பி.சி.டி. எனப்படும் போல்ட் வட்ட அளவு, வீலின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் ஒட்டும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்ற ஆஃப்செட், நடு ஓட்டை மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து வாங்குங்கள். 4×100 (நான்கு போல்ட், 100 மி.மீ. வட்டம்) வீலை 4×114.3 ஹப்பில் நேரடியாக ஏற்ற முடியாது. வீலின் முதுகில் ஜே.டபிள்யூ.எல்., வி.ஐ.ஏ. என்ற ஜப்பானியத் தர முத்திரைகள் இருந்தால் ஓரளவு நம்பலாம், போலி முத்திரையும் உலவுகிறது என்பதையும் மனத்தில் வையுங்கள்.

கேள்வி: குரோம் வீலுக்கு மேல் கறுப்பு அடிக்கலாமா? – வாசகர், திருநெல்வேலி

குரோம் முலாம்மேல் பெயிண்டுக்குப் பிடிமானமே கிடையாது. தேய்த்து அடித்தாலும் சில மாதம்தான். முலாம் பூசும் பட்டறையில் குரோமைக் கழற்றி எடுக்கச் சொல்லிவிட்டு அப்புறம் பெயிண்டுக்கு வாருங்கள். நீங்களே கிரைண்டர் வைத்து எடுக்கப் போகாதீர்கள், அந்தத் தூள் உடம்புக்கு ஆகாது.

கேள்வி: வீல் நிறம் மாற்றினால் ஆர்.டி.ஓ.வில் சொல்ல வேண்டுமா? போலீஸ் பிடிப்பார்களா? – வாசகர், வேலூர்

ஆர்.சி.யில் பதிவாவது வண்டி பாடியின் நிறம். வீலின் நிறம் அதில் இல்லை, எனவே பெயிண்டுக்காகப் பயப்பட வேண்டியதில்லை. வீலின் அளவை மாற்றுவதுதான் வில்லங்கம். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் சொன்ன விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பாடிக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் அகல வீல் போட்டுவிட்டு 'நிறம்தானே மாற்றினேன்' என்று வாதாட முடியாது. இன்ஷூரன்ஸுக்குத் தனியாக ஒரு வார்த்தை: வெளியில் வாங்கிய அலாய் வீல் பாலிசியில் தானாகச் சேராது. பில்லைக் காட்டி அக்சஸரியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் விபத்தில் போனாலும் திருட்டில் போனாலும் உங்கள் செலவுதான்.

கேள்வி: அடித்த பிறகு எத்தனை நாள் கழித்துக் கழுவலாம்? டயர் எப்போது மாட்டலாம்? – வாசகர், புதுச்சேரி

டூ-கே பெயிண்ட் தொட்டால் ஒட்டாமல் இருப்பது வேறு, உள்ளே இறுகுவது வேறு. டயர் மாட்டும் மெஷினின் தாடை ரிம்மைக் கவ்வும் என்பதால் ஒரு வாரமாவது பொறுங்கள். பிளாஸ்டிக் காப்பு போட்ட மெஷின் உள்ள கடையாகப் பார்த்துப் போங்கள், பேலன்சிங் எடையையும் வெளி விளிம்பில் தட்டாமல் உள்பக்கம் ஒட்டச் சொல்லுங்கள். பழைய ரப்பர் வால்வை இந்தச் சாக்கிலேயே மாற்றிவிடுங்கள். முதல் ஒரு மாதத்துக்குத் தண்ணீரும் சாதாரண ஷாம்பூவும் மட்டும். அதுவும் வண்டி ஓடி வந்து வீல் சுடச்சுட இருக்கும்போது தண்ணீர் ஊற்றாதீர்கள், போர் தண்ணீர் என்றால் உப்புத் திட்டு அப்படியே கிளியரில் பதிந்துவிடும். வாட்டர் வாஷ் கடையில் ஆசிட் கலந்த வீல் கிளீனரைத் தூக்கிக்கொண்டு வந்தால், வீலுக்கு மட்டும் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.